மறுஎழுது வட்டில் தரவழிப்பு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

எழுதி, அழித்து, மறுபடியும் எழுதத்தக்க குறுவட்டை மறுஎழுது வட்டு என்பர். கடைக்காரர் ‘ஆர்டபிள்யூ’ என்பார். 1997 முதல் புழக்கத்தில் இருக்கும் இப்பொருளில் தரவு மெய்யாகவே அழிகிறதா, அழிந்ததுபோல் கிடக்கிறதா என்னும் வினா இன்னும் உரிய கனத்தோடு எழுப்பப்படவில்லை. கணினி கற்றோர் வட்டைப் பார்த்தனர், மண்ணைப் பார்க்கவில்லை. வட்டார வரலாறு எழுதுவோர் மண்ணைப் பார்த்தனர், வட்டைப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே கிடந்த இந்த இடைவெளியை நிரப்புவதே கட்டுரையின் நோக்கம். அது நிரப்பத் தகுந்த இடைவெளிதானா என்பது கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் துணிபு இது: வட்டில் அழிப்பு என்று வழங்குவது பெரும்பாலும் பொருளடக்க நீக்கமே. இதற்கு ஆகச் சிறந்த சான்று அரியலூர் மாவட்டம்.

முதலில் இயற்பியல். வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் நான்கும் கலந்த மெல்லிய படலம் ஒன்று இவ்வட்டினுள் உண்டு. படலம் படிகமாக, ஒழுங்காக இருக்கும் இடத்தில் ஒளி நன்றாகத் திரும்பும். ஒழுங்கு குலைந்த இடத்தில் மங்கித் திரும்பும். லேசர் ஓரிடத்தை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி உருக்க, அவ்விடம் சட்டென ஆறினால் ஒழுங்கு குலையும். அது எழுத்து. அதையே 200 டிகிரி அளவில் பக்குவமாகச் சூடாக்கினால் மீண்டும் படிகமாகும். அது அழிப்பு. எழுதுவதற்குத்தான் சூடு அதிகம் வேண்டும், அழிக்கக் குறைவே போதும் என்பது கவனிக்கத்தக்கது. இதிலிருந்து, முற்றிலும் ஒழுங்கான வட்டில் ஒன்றுமே இல்லை என்றும், விவரம் மிக்க வட்டு ஒழுங்கு குலைந்தது என்றும் பெறப்படும். எந்த அரசு அலுவலகத்தின் ஆவண அறைக்குள்ளும் நுழைந்து பார்த்தவர்க்கு இவ்விதியை நிறுவிக் காட்டத் தேவையில்லை.

அழிப்பு நான்கு வகைப்படும். முழு அழிப்பு வட்டின் எல்லாத் தடங்களையும் வெறுமையாக்குவது. 700 எம்பி வட்டுக்கு நான்கு மடங்கு வேகத்தில் இருபது நிமிடம் பிடிக்கும், அதனால் யாரும் செய்வதில்லை. மேலெழுதல் டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூவுக்கு உரியது. அங்கே தனியே அழிப்பதில்லை, பழையதன் தலைமேலேயே புதியது ஏறி அமரும். பால்பாயின்ட் அழிப்பு என்பது, பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவிட்டு, குறுவட்டின் பிரதிபலிப்புப் படலம் மேல்பக்க அரக்குப் பூச்சுக்கு நேர்கீழே இருப்பதை அறியாமல், அங்கே பேனாவை அழுத்திப் பெயர் எழுதுவது. நான்காவதாகிய விரைவு அழிப்பே நம் ஆய்வுப் பொருள். அது வட்டின் உள்விளிம்பில் உள்ள உள்ளடக்க அட்டவணை, அதற்கான குறிப்புப் பகுதி, முதல் தடத்துக்கு முன்னுள்ள வெளி ஆகியவற்றை மட்டும் துடைக்கிறது. ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்தது. பாட்டும் படமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டிரைவ் பொருளடக்கத்தைத் தேடுகிறது, காணவில்லை, ‘வட்டு காலி’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பொருளடக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு நூல் முழுமைக்கும் தீர்ப்பு வழங்கும் முறை நம் கருத்தரங்குகளில் ஏற்கெனவே வேரூன்றியதாகையால், இதன் தொழில்நுட்பத்தை மேலும் விளக்கவில்லை.

இனி அரியலூர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் மாவட்டம் எழுதப்பட்டது. 2002 மார்ச் 31 அன்று, நிதியாண்டின் கடைசி நாளில், அழிக்கப்பட்டுப் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் எழுதப்பட்டது. பதினைந்து மாதமே இருந்த ஒரு மாவட்டம் அழிந்தபோது என்ன அழிந்தது? செந்துறை நகரவில்லை. உடையார்பாளையமும் ஜெயங்கொண்டமும் இருந்த இடத்திலேயே இருந்தன. தெற்கெல்லையில் கொள்ளிடம் தனக்கு வந்த தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. மாவட்டங்களின் பட்டியலில் ஒரு வரி மட்டும் காணாமல் போயிற்று. விரைவு அழிப்பின் இலக்கணம் வேறென்ன? விரைவாக அழித்த டிவிடி மைனஸ் ஆர்டபிள்யூவில் அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுத இயலாது, ஒரே மூச்சில்தான் எழுத வேண்டும். 2007இல் மாவட்டமும் தவணை முறையில் வரவில்லை என்பது ஒப்புநோக்கத்தக்கது. இவ்வகை வட்டு ஏறத்தாழ ஆயிரம் முறை எழுதத் தாங்கும் என்பர். அரியலூர் இதுவரை இருமுறை எழுதப்பட்டுள்ளது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஏழாண்டுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய 998 முறையும் இதே வேகத்தில் தீர்வதாயின், இம்மாவட்டம் இன்னும் 6,900 ஆண்டுகள் போல உழைக்கும். ஆட்சியர் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுவோர் இக்கணக்கைக் குறித்துக்கொள்க.

இதன்மேல் ஒரு கடா எழும்: மாவட்டத்தை அழித்தது அரசாணை, வட்டை அழிப்பது லேசர், கருவி வேறாக, வினை ஒன்றாவது எப்படி? அற்றன்று. அழிப்பை அழிப்பாக்குவது கருவியன்று, எஞ்சுவது எது என்பதே. இக்கடா முதலில் ஓர் உரையிலும், அவ்வுரையின் விளக்கத்திலும், அவ்விளக்கத்துக்கு எழுந்த மறுப்பிலும், மறுப்புக்கு எழுந்த மறுப்பிலும் காணப்படுவதாகச் சொல்லப்படுகிறது. இறுதி மறுப்பின் அட்டையும் விலையும் மட்டுமே கிடைத்துள்ளன. விலையோடு நமக்கு உடன்பாடில்லை.

இதனினும் வலுவான கடா ஒன்றுண்டு: அட்டவணை இல்லாத தரவு இருந்தென்ன, போயென்ன? இதற்கு விடை நிலத்தடியில் இருக்கிறது. கிரெட்டேசியக் காலத்தில் இவ்வட்டாரத்தில் கடல் இருந்தது. பின்னர்க் கடல் நீங்கிற்று, அதன் உள்ளடக்கம் நீங்கவில்லை. காரைப் பகுதியில் அம்மோனைட்டு என்னும் கடலுயிரிகளின் படிவங்கள் கிடக்கின்றன. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் படுத்திருக்கிறது. அதை 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னார். ஆனால் 2020இல் குன்னத்தில் குளத்து மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் பரவியது. பிறகுதான் அவை முட்டையல்ல, அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்று வல்லுநர்கள் விளக்கினர். மீட்பு மென்பொருள் செய்வதும் இதுவே: விரைவாக அழித்த வட்டிலிருந்து சில வேளை கோப்பை எடுத்துத் தரும், பெயரையும் தரும் என்பதற்கு உறுதியில்லை. எடுத்தவர் முட்டை என்கிறார், வல்லுநர் இல்லை என்கிறார். ஆகவே தரவு இருக்கிறது; போனது அதன் முகவரி மட்டுமே. கடாவினர் பாதி வென்றார்கள், நாம் மீதிப் பாதி வென்றோம்.

அப்படியானால் இம்மண்ணில் முழு அழிப்பே இல்லையா எனின், உண்டு. அதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்ட் ஆலையின் சூளையில் 1,450 டிகிரி வரை சுடும்போது எந்தச் சிப்பியும் தப்புவதில்லை. வட்டை அழிக்கும் சூட்டைப் போல் ஏழு மடங்குக்கும் மேல் இது. வீட்டில் முயல வேண்டாம். மேலெழுதலுக்கும் சான்றுண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் கீழணை கட்டப் பெயர்த்துச் செல்லப்பட்டன. மதிலாய்ப் படிக்கப்பட்ட கல் அதன்பின் அணையாய்ப் படிக்கப்படுகிறது. அழிப்பு என்று தனியே ஒரு கட்டம் இடையில் நிகழவே இல்லை.

எஞ்சிய ஒரே சிக்கல், படிப்பவர் இல்லாமை. இன்று விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு செருக வாயே கிடையாது. எனவே தரவு சிறிதும் சேதமின்றி இருக்க, வட்டு மட்டும் முழுமையாக அழிந்ததற்குச் சமமாகிறது. இந்த ஐந்தாம் வகைக்கு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னட்டை உறையில் செருகித் தரப்படும் குறுவட்டே தலைசிறந்த எடுத்துக்காட்டு. அது பெரும்பாலும் ஒருமுறை மட்டும் எழுதத்தக்க வகை. அதன் சாயப்படலத்தை எந்த மென்பொருளாலும் அழித்து வெறுமையாக்க முடியாது. ஆயினும் பெரம்பலூரில் கிடைக்கும் எந்த ஆர்டபிள்யூ வட்டையும்விட நிறைவாக அழிந்து கிடக்கிறது. அவ்வுறைகளைத் திறந்து பார்க்கும் கள ஆய்வை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. வட்டு காலியாக இருந்தால் பட்டத்தைத் திரும்பப் பெற வேண்டிவரும். காலியாக இல்லாவிட்டால் யாராவது அதைப் படிக்க வேண்டிவரும்.