ஐயாமார்களுக்கு ஒரு வகுப்பு

மார்ச் 8 வந்தால் போதும், அலுவலகங்களுக்குப் பெண்கள்மேல் பாசம் பொங்கிவிடும். வாசலில் ஆளுக்கொரு ரோஜா. பத்தரைக்குக் கேக். பதினொன்றுக்குச் சிறப்புரை: 'வேலையும் குடும்பமும்: பெண்கள் சமநிலை காப்பது எப்படி?' ஆண்களுக்கு அழைப்பில்லை. அவர்களுக்கென்ன, பிறக்கும்போதே சமநிலையோடு பிறந்தவர்கள்!

பேச வருபவர் அருள்வாக்குகளை அள்ளி வீசுவார். நாலரைக்கு எழுந்து தியானம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரக் காய்கறியை நறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். அலுவலகக் கவலையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், வீட்டுக் கவலையை அலுவலகத்துக்குக் கொண்டுவராதீர்கள். சரிங்க ஐயா, இரண்டையும் தாம்பரம் ரயிலிலேயே விட்டுவிடுகிறோம்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண் 88. அந்த 88-ம் அன்றைக்கு வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கைவைக்கவே இல்லை. இவர்களுக்கு எந்த ஹாலில் சிறப்புரை நடந்தது?

"அவ வேலைக்குப் போறதுக்கு நான் தடையே சொன்னதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்துவார் கணவர். தடை சொல்வானேன்? ஃபிளாட் தவணை அவள் சம்பளத்தில்தானே போகிறது! "எம்பிள்ளை தங்கம், அவன் காபியை அவனே போட்டுக்குவான்" என்பார் மாமியார். முப்பத்தைந்து வயதுக்காரன் தன் காபியைத் தானே கலக்கினால் தங்கம். அதே அடுப்பில் மூன்று வேளைச் சமையலையும் முடித்துவிட்டு அவள் ஒன்பதரைக்குப் பஞ்ச் வைத்தால் கடமை. பிள்ளைக்கு ஜுரம் என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் அம்மாவுக்குத்தான் வரும். அப்பா மீட்டிங்கில் இருப்பாராம். அவள் மட்டும் என்ன, ஆபீசில் பல்லாங்குழியா ஆடுகிறாள்?

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். ஜிம் வைக்க இடம் கிடைக்கிறது, டேபிள் டென்னிஸ் மேசை போட இடம் கிடைக்கிறது. காப்பகம் கேட்டால் 'பரிசீலனையில் இருக்கிறது.' விடுப்பு 26 வாரமானது. ஈ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களின் சம்பளச் செலவு முழுதும் நிறுவனத்தின் தலையில். விளைவு? நேர்முகத் தேர்வில் பெண்ணிடம் மட்டும், "கல்யாணம் எப்போம்மா?" தனியார் நிறுவன அப்பாவுக்கோ அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட விடுப்பில்லை. பிள்ளை அம்மாவுக்கு மட்டும்தான் பிறந்தது என்று நாடாளுமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தையை இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

எங்களுக்கு இனி வகுப்பு எடுக்காதீர்கள். அந்த டேபிள் டென்னிஸ் மேசையை நகர்த்திவிட்டு நான்கு தொட்டில் கட்டுங்கள். மாலை ஆறுக்கு மேல் மீட்டிங் வைக்கிற மேலாளரின் இன்கிரிமென்ட்டை வெட்டுங்கள். அப்பாவுக்கும் விடுப்புக் கொடுங்கள்; எடுத்தே தீர வேண்டும் என்று விதியும் போடுங்கள். இதில் ஒன்றுகூட முடியாதென்றால், வாயை மூடிக்கொண்டு போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்கள். தினமும் 201 நிமிடம் பாக்கி வைத்திருக்கிறீர்கள்.