முட்டை வண்டிக்குப் பின்வெளிச்சம்

கேள்வி: முட்டை ஏற்றும் பிக்கப்புக்குக் கூடுதல் ரிவர்ஸ் விளக்கு வேண்டும். பழைய ஒயரிலேயே இணைக்கலாமா?

பதில்: கூடாது! அந்த ஒயர் 21 வாட் பல்புக்கென்று போட்டது. 55 வாட் ஹாலஜன் இரண்டை மாட்டினால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். குருவி தலையில் பனங்காய்தான். ஒயர் சூடேறும், கியர்பாக்ஸ் சுவிட்ச் கருகும்.

ரிலே வையுங்கள். ரிவர்ஸ் ஒயர் ரிலேயின் 86-ஆம் முனைக்கு, எர்த் 85-க்கு, பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, விளக்குகள் 87-க்கு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். 18 வாட் எல்.இ.டி. இரண்டு என்றால் 3 ஆம்பியரே போதும். இருட்டில் கோழிப்பண்ணைக்குள் பின்னோக்கி நுழைய அந்த வெளிச்சம் தாராளம்.

லாரி பாடி கட்டும் நாமக்கல்லிலும், ரிக் வண்டிகளின் திருச்செங்கோட்டிலும் இதற்குப் பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை.

தனி சுவிட்ச் மட்டும் கேட்காதீர்கள். முன்னோக்கி ஓடும்போது விளக்கு எரிந்தால், சேலம் சாலையில் பின்னால் வரும் பஸ் டிரைவருக்குக் கண் கூசும்.