வரி விலக்குப் பெற்ற இட்லி

மருத்துவமனையில் படுத்திருக்கும் உள்நோயாளிக்கு வைத்தியரோ உணவியல் நிபுணரோ விதித்தபடி வழங்கப்படும் ஆகாரம் சிகிச்சையின் அங்கமேயாகையால் அதற்குத் தனியே வரியில்லையென்றும், துணைக்கு வந்தவருக்கும் பார்க்க வந்தவருக்கும் அதே சமையற்கட்டு அளிப்பது வரிக்குரியதென்றும், 2018 பிப்ரவரி 12-ஆம் நாள் மத்திய அரசின் சரக்கு, சேவை வரிச் சுற்றறிக்கை அருளிய நுட்பம், துவைதமும் அத்வைதமும் தழைத்த தேசத்தில் மட்டுமே பிறக்கக்கூடியது. அம்பத்தூர் மருத்துவமனையொன்றில் ஒரே கொப்பரையில் வெந்த இரண்டு இட்லிகளில் ஒன்று கட்டிலை அடைந்து ஔஷதமாகிறது. மற்றொன்று பக்கத்து ஸ்டூலை அடைந்து வெறும் பலகாரமாகவே நின்றுவிடுகிறது. நோயாளி மீதம் வைத்த அரை இட்லியை மனைவி எடுத்துண்டால் அது எந்த ஜாதியைச் சேரும் என்பதைப் பின்னொரு சுற்றறிக்கை தெளிவாக்கும் என்று நம்புவோமாக.

இந்தத் தத்துவத்தை ஆவடி, பூந்தமல்லி ஓட்டல்காரர்கள் இன்னும் உணராதிருப்பது விசனத்துக்குரியது. மேசைகளை அகற்றிக் கட்டில்களைப் பரப்பி, வாசலில் நாடி பார்க்க ஒருவரை அமர்த்தி, பசிப்பிணியோடு வருவோரை அரைமணி நேரம் உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டால், பிரியாணியும் சிகிச்சையாய் மோட்சமடையும். தீவிர சிகிச்சைப் பிரிவு நீங்கலாக, நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டும் அறைக்கு 2022 ஜூலையில் 5 சதவீத வரி விதித்துவிட்டார்களாதலால், கட்டில்கள் மட்டும் எளிமையாயிருத்தல் நலம்.

உப்பும் காரமும் துறந்த கஞ்சியைக் கையிலேந்தி அமர்ந்திருக்கும் நோயாளிகளோ, இது உணவே அன்று என்னும் சர்க்காரின் தீர்ப்பை முதல் மிடற்றிலேயே ஏகமனதாக வழிமொழிந்துவிடுகிறார்கள்.