பொருள்: ஒரு நிகழ்வை அறிவித்தல்

உலக தினங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
உலக சுகாதார ஸ்தாபனம்,
ஜெனீவா.

ஐயா அல்லது அம்மா,

வடமராட்சியிலிருந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். பி.எச்.ஐ. என்றால் இங்கே சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு இன்னும் நன்றாக விளங்கும். என் மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த நிகழ்வுக்கு அழைப்பிதழ் வராது. அழைப்பிதழ் வராவிட்டால் ஓய்வூதியக்காரனுக்குப் பொழுது போகாது.

உங்கள் 2005ஆம் ஆண்டுச் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளில் ‘நிகழ்வு’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் இருக்கிறது: நோய் வெளிப்படுவது, அல்லது நோய்க்கு இடங்கொடுக்கக்கூடிய ஏதாவது நடப்பது. பாரதூரமான நிகழ்வு என்று மதிப்பிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்கவேண்டியது அரசாங்கம், நான் அல்ல. இருந்தாலும் நிகழ்வு என் கண்முன்னால் நடந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன்.

நவம்பர் 14, உலக நீரிழிவு தினம், மகளின் வகுப்பார் நடத்தியது. அழைப்பிதழில் காலை 8.30 என்று போட்டிருந்தது. பிரதம விருந்தினர் 10.15க்கு வந்தார். நாதஸ்வரம், தவில், மாலை, மங்கல விளக்கு. விளக்கில் ஐந்து திரி, ஏற்ற வந்தவர்கள் ஒன்பது பேர். மிச்ச நால்வரும் ஏற்கெனவே எரிந்த திரியில் மெழுகுதிரியைப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தார்கள். பிறகு ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, சிறப்புரை ஒன்று. நீண்டநேரம் உட்கார்ந்திருப்பது நீரிழிவுக்கு வழி என்று சிறப்புரையாளர் சொன்னபோது நாங்கள் உட்கார்ந்து மூன்றாவது மணித்தியாலம் நடந்துகொண்டிருந்தது.

சிற்றுண்டிப் பெட்டியில் ஒரு றோல்ஸ், ஒரு துண்டு கேக், கூடவே ஒரு யோகட் கப், ஒரு மைலோ பைக்கற். நீரிழிவு தினத்தில் இது என்ன பிள்ளை என்று மகளின் தோழியைக் கேட்டேன். “அங்கிள், இன்சுலினைக் கண்டுபிடிச்ச பாண்டிங் 1891இல இதே நாளிலதான் பிறந்தவர். பிறந்தநாளுக்குக் கேக் இல்லாமல் எப்பிடி?” என்றாள். பக்கத்தில் இருந்தவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். “இண்டைக்கு ஒருநாள்தானே” என்று அவர் தன்னுடையதையும் முடித்துவிட்டு என்னுடைய யோகட்டைப் பார்த்தார்.

குறை சொல்ல இதை எழுதவில்லை. பிழை உங்கள் நாட்காட்டியிலும் இருக்கிறது என்று சொல்லவே எழுதுகிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு பஞ்சாங்கம், வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என்பதில்கூட இரண்டும் ஒத்துவராது. ஆனால் மாரி எப்போது, சோளகம் எப்போது என்பதில் இரண்டுக்கும் சண்டை இல்லை. உங்களுடையது மூன்றாவது பஞ்சாங்கம். அதற்கு மாரியும் தெரியாது, சோளகமும் தெரியாது. முதலாவது உலக சுகாதார தினம் 1949 யூலை 22இல் நடந்தது. பிறகு மாணவர்கள் பங்குபற்ற வசதி என்று உங்கள் ஸ்தாபனம் பிறந்த நாளான ஏப்ரல் 7க்கு மாற்றினீர்கள். உங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. இங்கே அந்த நேரம் வருடப்பிறப்பு அவசரம். மாணவரைத் தேடுவதானால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் தேடவேண்டும்.

டெங்குவுக்கு யூன் 15 என்று ஆசியான் நாடுகள் வைத்திருக்கின்றன. நாங்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. நாள் நன்றாக இருக்கிறதே என்று மகளின் வகுப்பார் இரவல் வாங்கினார்கள். யூனில் இங்கே சோளகக் காற்றுத்தான் அடிக்கும், புழுதி பறக்கும், சிரட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இராது. நுளம்புக் குடம்பியைக் காட்டுவதற்கு ஒரு பையன் வீட்டுத் தொட்டியில் வளர்த்துப் போத்தலில் கொண்டுவந்தான். விருந்தினர் போத்தலைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். உண்மையான டெங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு, நவம்பரிலும் டிசெம்பரிலும், படக்காரன் இல்லாமல் வரும். இலங்கை முழுதும் 2017இல் பதிவான டெங்கு நோயாளர் 1,86,101 பேர். அத்தனைபேரையும் ஒரு போத்தலில் தூக்கிப் பிடிக்க முடியாது.

நீரிழிவு தின அழைப்பிதழின் தலைப்பே ‘செய்திகளும் நிகழ்வுகளும்’தான். நிகழ்வைச் சொன்னேன், செய்திக்கு வருகிறேன். எங்கள் உத்தியோகத்தில் செய்தி என்றால் எச் 544. தொற்றுநோய் என்று வார்டில் சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியர் நிரப்பவேண்டிய படிவம். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக்கூடாது. அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வந்து அங்கிருந்து எங்கள் கைக்கு வரும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவோம். வளவுக்குள் ரயர், பூச்சாடித் தட்டு, கோழிக்குத் தண்ணி வைத்த ரின் எல்லாம் பார்த்து எச் 411 படிவத்தை நிரப்புவோம். அந்த வீட்டு நாய்க்கும் எங்களைத் தெரியும். தெரிந்தாலும் கடிக்கும்.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம். டிசெம்பரில் வடமராட்சியில் ஆட்கள் காய்ச்சலோடு விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். பத்திரிகைகள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதின. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வெள்ளத்தில் கால்வைத்தவன், வயலில் நின்றவன், காலில் ஒரு கீறல் உள்ளவன் என்று யாருக்கும் வரலாம். நேரத்துக்கு மருந்து எடுத்தால் தப்பலாம், மர்மம் என்று படுத்திருந்தால் சிறுநீரகம் போகும். அந்த வாரம் மகளின் வட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். எய்ட்ஸ் தின நடைபவனி ரீசேட்டுக்கு எந்தச் சிவப்பு என்று வாக்கெடுப்பு நடந்திருந்தது. அதற்குக் கீழே படங்கள். “எலிக்காய்ச்சல் பற்றி ஒண்டும் இல்லையே பிள்ளை?” என்றேன். “அதுக்குத் தினம் இல்லையப்பா” என்றாள்.

அவள் சொன்னது சரி. உங்கள் பட்டியலில் எலிக்காய்ச்சலுக்கு ஒரு நாள் இல்லை. எங்கள் எலிகள் இதைக் கேள்விப்பட்டால் மனம் உடைந்துபோகும்.

மலேரியாவுக்கு ஏப்ரல் 25 இருக்கிறது. 2016 செப்ரெம்பர் 5இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று நீங்களே சான்றளித்தீர்கள். மெய்யான வெற்றி, அதில் என் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதே வருடம் டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பைக் கண்டார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும். இந்தியப் பட்டணங்களில் மலேரியா பரப்பும் சாதி. கிணற்றுத் தண்ணீரில் முட்டையிடும். வற்றாத ஆறே இல்லாத, கிணற்றை நம்பியே இருக்கிற தீபகற்பத்துக்கு வேறென்ன வேண்டும்? கிணற்றை எட்டிப்பார்த்து மீன்குஞ்சு விடுகிறவன்தான் இங்கே மலேரியாவைத் தடுப்பவன். இன்னொன்று: டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று நாங்கள் ஊர் ஊராகப் பாடமாகச் சொன்னோம். உவர்த் தண்ணீரிலும் பெருகும் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் 2011இல் எழுதினார்கள். கடற்கரையில் கிடக்கும் ஓட்டைத் தோணிகளை நான் அதுவரை திரும்பியும் பார்த்ததில்லை. செய்தி என்றால் அது. அதைச் சொல்லும் ஒரு பனரை இன்றுவரை எந்த மதிலிலும் காணவில்லை.

நவம்பர் 19 கழிப்பறை தினத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். கருத்தரங்கு நடந்த மண்டபத்தின் கழிப்பறை பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் லீவில். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பது அடி என்று ரேப் பிடித்து அளந்தவன் நான். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பால் ஓடுகிற தண்ணீருக்கு என் ரேப் கண்ணில் படாது. சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, குழி, கார்க் கொட்டில் எல்லாம் வேண்டும் என்றால் ஐம்பது அடிக்கு எங்கே போவது? இதை அன்று ஒருவரும் பேசவில்லை. பேச நேரமும் இல்லை, வாழ்த்துரை நீண்டுவிட்டது.

பிறந்தநாளைத் தினமாக்குவது உங்கள் வழக்கம் என்றபடியால் மானிப்பாயின் சாமுவேல் கிறீன் வைத்தியருக்கும் ஒன்று கேட்கலாம் என்று பார்த்தேன். அமெரிக்க மிசனில் வந்தவர், தமிழிலேயே மேலைமருத்துவம் படிப்பித்தவர், 1867இல் ‘இரணவைத்தியம்’ அச்சிட்டவர். பிறந்தது 1822 ஒக்டோபர் 10. அந்த நாள் ஏற்கெனவே உளநலத்துக்குப் போய்விட்டது. பரவாயில்லை. தமிழில் அவர் பட்ட பாட்டுக்குப் பிறகு, கிராமத்துப் பெண்களுக்கு ஆங்கிலப் பவர்பொயின்ற் போட்டுக் காட்டுவதை அவர் பார்த்திருந்தால் அந்த நாள் அவருக்கே தேவைப்பட்டிருக்கும். சமுதாய மருத்துவப் பேராசிரியர் சிவஞானசுந்தரத்தை ஊர் ‘நந்தி’ என்ற கதைக்காரராகவும் அறியும். அப்படிப்பட்டவர்கள் இருந்த ஊர் இது.

நியாயமாகவும் சொல்லவேண்டும். மார்ச் 24 காசநோய் தினத்தில் இதே பிள்ளைகள் கடற்கரையில் ஒரு தெருநாடகம் போட்டார்கள். விருந்தினர் கடைசி நேரத்தில் வரமுடியாது என்றுவிட்டார். அதனால் உரை ஒன்றும் இல்லை. என் மகள் இருமும் கிழவியாக நடித்தாள். அடுத்த நாள் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், “உந்தப் பிள்ளை இருமினமாதிரித்தான் நானும் ரெண்டு மாசமா இருமுறன்” என்று சளி கொடுக்க வந்தார். விருந்தினர்களை இன்னும் கொஞ்சம் அடிக்கடி சுகமில்லாமல் ஆக்க உங்களிடம் ஏதாவது வழி உண்டா?

இனி, நான் அறிவிக்க வந்த நிகழ்வு. நீரிழிவு தினம் முடிந்து பன்னிரண்டாம் நாள், ஒரு கிழமை மழைக்குப் பிறகு, மகளோடு அந்த மண்டபத்தின் பின்பக்கம் போனேன். மதிலோரம் 140 யோகட் கப். 61இல் குடம்பி துள்ளிக்கொண்டிருந்தது. சிலவற்றில் வெறும் தோல்தான், ஆள் பறந்துவிட்டது. உங்கள் வரைவிலக்கணத்தின்படி நோய்க்கு இடங்கொடுக்கக்கூடிய சம்பவம். நீரிழிவு தினத்தில் டெங்கு விதைத்த சாதனை உலகில் வேறெங்கும் பதிவாகியிருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.

இருவரும் குனிந்து கவிழ்க்கத் தொடங்கினோம். காவலாளி ஓடிவந்தார். “ஐயா, ஐயா, அதை விடுங்கோ. வாற வெள்ளி டெங்கு ஒழிப்புச் சிரமதானம். பெரியவர் வாறார். பொறுக்கிறத்துக்கு ஏதாவது கிடக்கவேணுமே!”

மூன்று கப்பை மட்டும், கவிழ்த்தபடி, விட்டுவந்தோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்,
வடமராட்சி.