அப்பாவின் ஹெரால்டு

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை விற்று எத்தனையோ வருஷமாகியும் அப்பா அதைப் பற்றியே பேசுகிறாரே, ஏன்?
– வாசகர், வேடந்தாங்கல்

பதில்: உங்கள் ஊரைவிட்டுப் போகும் பறவைகள் அடுத்த பருவத்தில் வந்துவிடும். ஹெரால்டு வராதே! அது வெளியூர்ப் பறவையும் அல்ல; பிரிட்டிஷ் வடிவமைப்பு என்றாலும், 1961 முதல் நம் பெருங்களத்தூர் பக்கம் உருவான வண்டி. முன்பக்கம் மட்கார்டோடு மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும். எஞ்சின் முழுதும் கண்ணுக்குத் தெரியும். டயர் மேலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கலாம். சொந்தக்காரரே பாதி மெக்கானிக்காகிவிட்டால் பாசம் வராமல் என்ன செய்யும்? அதே நிறுவனம் அடுத்துக் கொண்டுவந்த கார் கெசல். பிறகு 1985-இல், ரோவர் உடலில் பழைய எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்ட் 2000. விலையும் அதிகம், பெட்ரோல் தாகமும் அதிகம். 1988-இல் உற்பத்தி நின்றது.

பெருங்களத்தூர் வழியே போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலைநகரில் அமெரிக்க ஃபோர்டு 1999-இல் ஐக்கானைக் கொண்டுவந்தது. 2022-இல் அங்கும் கார் உற்பத்தி முடிந்தது. இன்னும் இருபது வருஷத்தில் ஐக்கான் பிள்ளைகள் இதே கேள்வியை எழுதுவார்கள்!

அப்பாவின் வண்டி என்ன நிறம்? கேட்டு எழுதுங்கள், கட்டாயம் போடுகிறோம்.