மந்தக் கணினி: பரபக்கமும் சுபக்கமும்

வீட்டுக் கணினியின் மந்தத்தை அளக்க முறையான அலகு எதையும் அறிஞர்கள் இன்னும் வகுக்கவில்லை. நொடி, நிமிடம் எல்லாம் இத்துறைக்கு ஒத்துவருவதில்லை. கணினி எழுந்திருக்கும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் யார்? பட்டனைத் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எனவே இவ்வாராய்ச்சி 'காபி' என்பதை அடிப்படை அலகாகக் கொள்கிறது. பட்டனைத் தட்டியது முதல் திரை நிலைகொள்ளும் வரை ஒருவர் காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்க்க முடிந்தால் மந்தம் ஒரு காபி. இடையே குளியலும் அடங்கினால் நோய் முற்றிவிட்டது. (டிகாக்‌ஷன் முன்பே இறங்கியிருக்கிறது என்பது எடுகோள்.)

இந்நோய்க்கு மருந்து சொல்லும் கட்சிகள் பல. பிறர் கொள்கையை எடுத்து மறுப்பது பரபக்கம், தன் கொள்கையை நாட்டுவது சுபக்கம் என்பது நம் சாத்திர மரபு. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் 14 மதங்களை மறுத்தார். நமக்கு மூன்றே மூன்றுதான் அகப்பட்டன.

முதலாமவர் ரிஃப்ரெஷ்வாதிகள். திரையில் வலது சொடுக்கு, ரிஃப்ரெஷ், மறுபடி ரிஃப்ரெஷ். மந்தம் தீராவிட்டால், அழுத்திய எண்ணிக்கை போதவில்லை என்பது இவர்கள் துணிபு. அந்தக் கட்டளை திரையிலுள்ள ஐகான்களைத் திரும்ப வரைவதோடு சரி. ரேமில் ஒரு துளியும் காலியாவதில்லை. ஆனாலும் ஐகான்கள் மினுங்கினால் கணினி இன்னும் உறைந்துபோகவில்லை என்று தெரிகிறது. அந்த அளவுக்கு இவர்களுக்கு இடம் கொடுக்கலாம்.

இரண்டாமவர் பேதிக் கட்சியினர். சளியானாலும் சிரங்கானாலும் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிமாரின் வழிவந்தவர்கள். மந்தமென்றால் உள்ளே ஏதோ தேங்கியிருக்கிறது, வெளியேற்று. ரன் பெட்டியில் 'டெம்ப்' என்றும் 'ப்ரீஃபெட்ச்' என்றும் தட்டி, வந்ததையெல்லாம் அழிப்பது இவர்களது ஞாயிற்றுக்கிழமை நியமம். டெம்ப் போனால் போகட்டும். ப்ரீஃபெட்ச் கதை வேறு. எந்த நிரல் தொடங்கும்போது எந்தெந்தக் கோப்பு வேண்டும் என்று விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதல் கணினி எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. வேகமாகத் திறப்பதற்காகவே எழுதியவை. ஞாயிறு அழிக்கிறார்கள், திங்கள் கணினி முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறது.

இக்கட்சியின் தீவிரப் பிரிவுதான் இலவசத் துப்புரவு மென்பொருளை இறக்கும். அது ரெஜிஸ்ட்ரியை ஒரு நோட்டம் விட்டு, ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் என்று சிவப்பில் அறிவிக்கும். பிழையே இல்லை என்று அது சொன்னதாக எங்கும் பதிவில்லை. ரெஜிஸ்ட்ரி 1992இல் விண்டோஸ் 3.1உடன் சிறிதாக வந்து, விண்டோஸ் 95இல் பெருகி, இன்று எந்தக் கோப்பை எந்த நிரல் திறப்பது, ப்ரிண்டர் எங்கே என்பது வரை வைத்திருக்கிறது. மர அமைப்பில் இருப்பதால் வேண்டியதை மட்டும் தேடி எடுக்கும். உரிமையாளர் இல்லாத நூறு பதிவுகள் ஓரமாகக் கிடந்தாலும் வேகம் குறையாது. மைக்ரோசாஃப்டே ஒரு காலத்தில் ரெக்‌கிளீன் என்று ஒன்றைத் தந்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது ரெஜிஸ்ட்ரி துப்புரவை ஆதரிப்பதில்லை என்கிறது.

துப்புரவுக்குப் பின் காணப்படும் மெய்ப்பாடுகள்: ப்ரிண்டர் இல்லை, படத்தைத் தொட்டால் எதில் திறக்கட்டும் என்று கேட்கிறது, மந்தம் ஒரு காபியாக இருந்தது இரண்டாகிறது. மாற்று மருந்து சிஸ்டம் ரீஸ்டோர். ஆனால் சில துப்புரவாளர்கள் 'பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள் இடத்தை அடைக்கின்றன' என்று அவற்றையும் துடைக்க வழி வைத்திருக்கிறார்கள். சரி, ரெக்‌பேக் அடைவில் ரெஜிஸ்ட்ரியின் நகல் இருக்குமே என்று போனால், விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே தானாக நகல் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கோப்புகள் இருக்கும், அளவு பூஜ்யம். முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி என்று கட்டளை கொடுத்தால் சிதைந்த விண்டோஸ் கோப்புகள் திரும்பும்; பிற நிரல்களின் பதிவுகள் திரும்பா. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதுதான்.

இனி சுபக்கம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க் 100%' என்று நிற்கிறதா? குற்றவாளி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று. முனை நகரும் நேரம் தனி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பவற்றை நொடிக்கு நூறு தடவைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒன்றை வாங்கி மாட்டினால் மந்தம் கால் காபிக்குக் கீழே இறங்கும். தேங்கியிருந்தது அழுக்கே அல்ல என்பது எமது சித்தாந்தம்.

மூன்றாம் கட்சியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினோம், தர்க்கத்தால் வெல்ல அரிது என்பதால். ஃபார்மட்வாதம். "ஓ.எஸ். புதுசா போட்டுடலாம் சார்" என்பதே இதன் ஒற்றைச் சூத்திரம். ரெஜிஸ்ட்ரி புதிது, ப்ரிண்டர் புதிது, துப்புரவு செய்த சேதம் சுவடின்றிப் போகும். மெக்கானிக் தம்பி நியாயமானவர், கை வைக்கும் முன் போனில் கேட்கிறார்: "டி டிரைவைத் தொடமாட்டேன் சார். சி-ல முக்கியமா எதுவும் இல்லையே?"

"சி-ல ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் டெஸ்க்டாப்புலதான் இருக்கு" என்கிறார் குடும்பத் தலைவர்.