லிங்க் சார்

பௌர்ணமியன்று சாயங்காலம் எங்கள் புகைப்படச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: "நிலாவை எடுத்தா வெறும் வெள்ளைப் பொட்டா வருது. என்ன பண்றது?"

நிலா மொட்டைமாடிக்கு வந்து சேர்வதற்குள் லிங்க் சாரின் பதில் வந்துவிட்டது. முதலில் ஒரு யூடியூப் லிங்க், ஒன்றே கால் மணி நேரம் ஓடுவது. அதைப் பார்க்குமுன் டைனமிக் ரேஞ்ச் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அதற்கொரு பி.டி.எஃப். அந்த பி.டி.எஃப். விளங்க ஹிஸ்டோகிராம் படிக்கத் தெரிய வேண்டுமே, அதற்கு இன்னொன்று. அடுத்து, எந்த ஊரில் எந்தத் திசையில் நிலா உதிக்கும் என்று காட்டுகிற செயலி. கடைசியில், "இதெல்லாம் பேசிக்ஸ்தான்மா. முடிச்சிட்டு சொல்லு, அட்வான்ஸ்டு அனுப்பறேன்."

அவள் படிக்கிற பெண். ஒன்று விடாமல் படித்தாள். முடித்த அன்று தேய்பிறை அஷ்டமி.

அதே குழுவில் ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவர் உண்டு. திருநெல்வேலிக்காரர், ஃபிலிம் காலத்து ஆள். 'காலை வணக்கம்' தவிர வேறெதுவும் அவர் போட்டதில்லை. மாதக் கூட்டத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நிலா கெடச்சுதா தாயி?" இல்லையென்று உதட்டைப் பிதுக்கினாள். "ஐ.எஸ்.ஓ. நூறு, எஃப் பதினொண்ணு, ஷட்டர் நூத்தி இருபத்தஞ்சு. தட்டிட்டுப் போய்த் தூங்கு. ராத்திரியாச்சேன்னு பயப்படாத. நிலா மேல வெயிலுல்லா அடிக்கு!"

பக்கத்தில் நின்றிருந்த லிங்க் சார், "இதுக்குப் பேரு லூனி லெவன் ரூல்" என்றார். அன்றிரவு அதற்கும் லிங்க் வந்தது.

வங்கி ஓய்வூதியம், வெளிநாட்டில் மகன், அந்த மகன் வரும்போது கொண்டுவந்த ஃபுல் ஃபிரேம் கேமரா. இவை ஒரே வீட்டில் கூடினால் அங்கே ஒரு லிங்க் சார் அவதரித்துவிடுகிறார். சென்னையின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். கோவையிலும் மதுரையிலும்கூட, நாலு பேர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடுகிற இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் கையில் பென் டிரைவோடு நிற்பார்.

எங்கள் லிங்க் சாரிடம் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதற்குள் 'லேர்னிங்', 'லேர்னிங் நியூ', 'லேர்னிங் நியூ ஃபைனல்', 'முதலில் இதைப் படிக்கவும்' என்று ஃபோல்டர்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் லெவாய் 2016-இல் கூகுளில் நடத்திய டிஜிட்டல் புகைப்பட வகுப்புகள் முழுசும் அதில் உண்டு. அலமாரியில் ஆன்சல் ஆடம்ஸின் கேமரா (1980), நெகட்டிவ் (1981), பிரிண்ட் (1983) மூன்றும் பழுப்பு அட்டை போட்டு நிற்கின்றன. அவற்றிலிருந்து ஜோன் சிஸ்டத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இணையத்தில் நடத்தும் புகைப்படப் பாடத்தை முடித்து, சான்றிதழை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார். அந்தச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

கேமரா டிரை கேபினெட்டுக்குள் இருக்கிறது. ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டவிட மாட்டார். சென்னைக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மைதான், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசி மழையில் அந்த வீட்டு அப்பளம் நமத்துப்போகும், முறுக்கு நமத்துப்போகும். லென்ஸ் மட்டும் மொறுமொறுவென்று இருக்கும்.

எப்போதாவது கேமரா வெளியே வருவதும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் சங்கத்தோடு காசிமேடு வந்தார். படகுகள் வந்து சேர்ந்து ஏலம் சூடு பிடித்த நேரம். மற்றவர்கள் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார்கள். லிங்க் சார் மட்டும் நின்று வானத்தைப் பார்த்தார், எல்.இ.டி. விளக்குகளைப் பார்த்தார், இரண்டு வெளிச்சமும் கலந்திருப்பதால் ஒயிட் பேலன்ஸ் தகராறு என்றார். பையிலிருந்து சாம்பல் நிற அட்டையை எடுத்து, ஒரு வஞ்சிரக் கூடையின் மேல் சாய்த்து வைத்தார்.

கூடைக்குச் சொந்தக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா சார் இது அட்டை?"

"இது பதினெட்டு பர்சன்ட் கிரேம்மா."

"மீனுக்கு ஏது சார் ஜி.எஸ்.டி.?"

லிங்க் சார் விளக்க முற்பட்டார். காட்சியில் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல், அதை வைத்து எக்ஸ்போஷர் கணக்கிடலாம் என்றெல்லாம் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "மீன் வாங்குறதுன்னா வாங்கு, போட்டோ புடிக்கிறதுன்னா புடி. நடுவுல நிக்காத சார், ஐஸ் கரையுது" என்று அட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அவரைவிடச் சுருக்கமாகப் புகைப்படக் கலையை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்று லிங்க் சார் வாங்கியது ஒரு கிலோ சங்கரா.

சொற்பொழிவு என்றால் அவரை அசைக்க முடியாது. லினேயஸ் டிரைப் பற்றி ஒருநாள் பேசினார். மதராஸ் அரசாங்கத்துப் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். மெழுகேற்றிய காகிதத்தில் நெகட்டிவ், சுமக்க மாட்டாத கேமரா, தலைக்கு மேலே தஞ்சாவூர் வெயில். லிங்க் சார் சொல்லச் சொல்ல எங்களுக்கே வேர்த்தது. முடிவில் ஒருவர் எழுந்தார்.

"சார், நீங்க தஞ்சாவூர் போயிருக்கீங்களா?"

"என் மாமனார் ஊரே அதான். வருஷா வருஷம் போறேன்."

"கோயிலை எடுத்திருக்கீங்களா?"

"எங்க சார், எப்பப் போனாலும் ஹார்ஷ் லைட்."

காட்டுயிர் பற்றிப் பேச்சு வந்தால் மா. கிருஷ்ணன் வந்துவிடுவார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே ஒரு கேமரா உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்துத் தள்ளிய மனிதர். லிங்க் சார் இதைக் கண் கலங்கச் சொல்வார். அதே மூச்சில், வேடந்தாங்கல் போகக் கிளம்பியிருக்கும் பையனிடம், "இந்த கிட் லென்ஸை வெச்சுக்கிட்டா போறே? ஒரு லட்சமாவது செலவு பண்ணாம பறவைப் பக்கம் போகாதே" என்பார்.

இவர் ஏன் இப்படி என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. சங்கத்தில் சேர்ந்த புதிதில் லிங்க் சார் ஒரு படத்தைப் போட்டிக்குக் கொடுத்தாராம். மெரினா சூரியோதயம். நடுவராக வந்தவர் திரையில் அதைப் பார்த்த மாத்திரத்தில், "கடல் இடது பக்கமா வழியுதே" என்றாராம். அடிவானம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அரங்கம் சிரித்தது. மறுநாள் படிக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. இரண்டு டிகிரி சாய்ந்ததற்கு இரண்டு டெராபைட் பரிகாரம்.

எனக்கு இது புரிகிறது. எடுத்த படத்தை எவனும் பார்த்து நொட்டை சொல்லலாம். படித்த பி.டி.எஃப்.பை யார் என்ன சொல்ல முடியும்? அதில் அடிவானம் நேராகவே இருக்கும்.

அன்றிலிருந்து மற்றவர்கள் படத்தில் அவர் முதலில் பார்ப்பதும் அடிவானத்தைத்தான். அடுத்து மூன்றில் ஒரு பங்கு விதி. அந்த விதிக்குப் பெயர் வைத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், 1797-இல், அதாவது புகைப்படக் கேமராவே பிறக்காத காலத்தில். இந்தத் தகவலும் லிங்க் சார் கொடுத்ததுதான். திண்ணையில் நட்டநடுவே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியை அவர் ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தபோது, "ஆச்சி அவ வீட்டுத் திண்ணையில எங்க வேணாலும் உக்காருவா" என்று அண்ணாச்சிதான் காப்பாற்றினார்.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அண்ணாச்சி தொழில் கற்ற காலத்தில் டார்க் ரூம் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். தட்டு கழுவி, ஹைப்போ வாசனையோடு வீட்டுக்குப் போய், மாசக் கணக்கில் காத்திருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். டெவலப்பரில் மெட்டால் எத்தனை கிராம் என்று கேட்டால், "கண்ணளவு" என்று குரு முதுகைத் திருப்பிக்கொள்வாராம். அச்சில் கிடைத்த பாடமெல்லாம் கோடக் ஃபிலிம் டப்பாவின் உட்புறத்தில் இருந்த குறிப்புதான்: வெயிலுக்கு இவ்வளவு, மேகத்துக்கு இவ்வளவு, நிழலுக்கு இவ்வளவு. அண்ணாச்சி அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்தார். லிங்க் சார் எதையும் ஒளிப்பவரில்லை. நள்ளிரவில் கேட்டாலும் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கொடுப்பார். நிலாப் பெண்ணுக்கு அவர் அனுப்பிய குவியலில் அந்த ஹிஸ்டோகிராம் பாடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது கிளிக்கியதும் அவள் படத்தைப் பார்ப்பதில்லை. வரைபடத்து மலை வலது ஓரத்தில் முட்டுகிறதா என்றுதான் பார்க்கிறாள். சென்ற மாதப் போட்டியில் முதல் பரிசு அவளுக்கு. லிங்க் சார்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

அவர் பேத்திக்குக் காதுகுத்து என்று எங்களையெல்லாம் அழைத்திருந்தார். மண்டபத்தில் படமெடுக்க ஒரு ஸ்டூடியோ பையன் வந்திருந்தான். லிங்க் சார் அவனை விடவில்லை.

"என்ன லென்ஸ் தம்பி?"

"பதினெட்டு–அம்பத்தஞ்சு சார்."

"எஃப் எவ்வளவு வெச்சிருக்கே?"

"ஆட்டோ சார்."

லிங்க் சார் தூணைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஆசாரி ஊசியை எடுக்க, தாய்மாமன் மடியிலிருந்த குழந்தை ஊரைக் கூட்டியது. பையன் முட்டி போட்டு நாலைந்து கிளிக் அடித்தான்.

"வீட்டுலயே இவ்வளவு பெரிய கேமரா இருக்கே, நீங்க எடுத்திருக்கலாமே மாமா?" என்றாள் ஓர் உறவுக்காரப் பெண்.

"எடுக்கலாம்தான். ஆனா இங்க சீலிங் உசரம் பாத்தியா? ஃபிளாஷை பவுன்ஸ் பண்ணணும்னா முதல்ல..." என்று ஆரம்பித்து, விரலால் கோணத்தைக் காட்ட அவர் அண்ணாந்தார்.

சீர்த்தட்டோடு குறுக்கே வந்த அவர் மனைவி நிற்காமலே சொல்லிவிட்டுப் போனார்: "இவர் எடுக்கறதுக்குள்ள குத்தின காது தூர்ந்துபோயிடும்."